ஓடும் கணினியை இடம் மாற்றுதல்

உயர்தரப் பிரிவு மாணவி, கற்பிட்டி

முன்னுரை

"சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க." இந்தப் பதிலை ஏதாவது ஒரு கருமபீடத்தில் கேட்காத பெற்றோர் இன்று அரிது. கற்பிட்டியிலிருந்து பஸ் ஏறிப் புத்தளத்துக்கு ஒரு சான்றிதழுக்காகப் போனவருக்கு அந்த ஒரு வரி, ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீணானது என்று பொருள். வங்கி, வைத்தியசாலை, பரீட்சை, அடையாள அட்டை என்று நம் வாழ்க்கையின் பெரும்பகுதி இன்று எங்கோ இருக்கும் கணினிகளில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கணினிகளும் இயந்திரங்களே. அவற்றின் தட்டுகள் தேயும், மின்விசிறிகள் நிற்கும், மென்பொருள் பழசாகும். ஆகவே இடைக்கிடை பராமரிப்புச் செய்தே ஆகவேண்டும். ஆனால் நன்றாகத் திட்டமிட்ட இடங்களில் இந்தப் பராமரிப்பு நடப்பது வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனைப் பழைய தேக்ககத்திலிருந்து புதிய தேக்ககத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். இது எவ்வாறு சாத்தியமாகிறது, இதில் ஆபத்தான கட்டம் எது, இதிலிருந்து நம் வீடுகளுக்கு என்ன பாடம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினிக்குள் கணினி

சேவையகம் என்று நாம் சொல்லும் பெரிய கணினி ஒன்று, பெரும்பாலான நேரம் தன் வலுவில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்தும். ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சலுக்கு ஒரு கணினி, கணக்குக்கு ஒரு கணினி, இணையத்தளத்துக்கு ஒரு கணினி என்று தனித்தனியே வாங்கினால் செலவும் மின்சாரமும் வீண். இதற்குத் தீர்வாக, ஒரு கணினியையே பல கணினிகள்போல் இயங்கச் செய்யும் முறை 1960களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. 1972இல் அந்நிறுவனம் விஎம்/370 என்ற பெயரில் அதனை விற்பனைக்கு அறிவித்தது.

இவ்வாறு உள்ளே இயங்கும் ஒவ்வொரு கணினியும் மெய்நிகர் பொறி எனப்படும். அதற்குத் தனிப் பணிசெயல் முறைமை உண்டு. தனி நினைவகம் உண்டு. தனி வன்தட்டும் உண்டு. தான் ஒரு முழுக் கணினி என்றே அது நடந்துகொள்ளும். எல்லாப் பொறிகளுக்கும் வளங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இங்கே ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மெய்நிகர் பொறியின் வன்தட்டு என்பது உண்மையில் ஒரு பெரிய கோப்பு. நாம் கட்டுரை எழுதிச் சேமிக்கும் கோப்பைப் போன்றதே. அளவுதான் நூற்றுக்கணக்கான ஜிகாபைட். கணினியைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைப்பதென்றால் அலுமாரியைத் தூக்குவதுபோல் பாரம். கோப்பைப் பிரதி செய்வது இலகு. மெய்நிகர் பொறிகளை இடம் மாற்ற முடிவது இதனால்தான்.

பெரிய நிலையங்களில் இந்தக் கோப்புகள் சேவையகத்துக்குள் இருப்பதில்லை. தேக்கக முறைமை என்ற தனிப் பெட்டி ஒன்றில் பல வன்தட்டுகள் வரிசையாக இருக்கும். சேவையகங்கள் வலையமைப்பின் ஊடாக அதிலிருந்து படித்து, அதிலேயே எழுதும். கணக்கிடுவது ஓரிடம், வைத்திருப்பது வேறிடம்.

நுரைச்சோலை காட்டும் பாடம்

எமது குடாநாட்டிலேயே பராமரிப்புக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. கற்பிட்டியிலிருந்து பாலாவிக்குப் போகும் வழியில் நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் கொள்ளளவு 900 மெகாவாட். அது 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஓர் அலகைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது மற்றைய இரண்டும் ஓடும்.

சேவையகங்களிலும் இதுவே முறை. ஒரு சேவையகத்தைத் திருத்தவேண்டுமென்றால், அதிலிருக்கும் மெய்நிகர் பொறிகளை அடுத்த சேவையகத்துக்கு மாற்றிவிட்டு அதை நிறுத்தலாம். தட்டுக் கோப்பு பொதுத் தேக்ககத்தில் இருப்பதால் நினைவகத்தில் உள்ளதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் திருத்தவேண்டியது அந்தத் தேக்ககமே என்றால்? எல்லோரும் தண்ணீர் அள்ளும் கிணற்றையே தூர்வார வேண்டியிருக்கும் நிலை அது. முதலில் இன்னொரு கிணறு வேண்டும். பழையதிலிருந்து புதியதற்கு எல்லாத் தட்டுக் கோப்புகளையும் மாற்றவேண்டும். அதற்கிடையில் ஊரார் தண்ணீர் அள்ளுவதை நிறுத்தவும் கூடாது.

கடன் கொப்பி எப்படி மாறுகிறது?

ஓடிக்கொண்டிருக்கும் பொறியின் தட்டைப் பிரதி செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் முதலாம் பக்கத்தைப் பிரதி செய்து ஐம்பதாம் பக்கத்துக்கு வரும்போது, முதலாம் பக்கத்தில் யாராவது புதிதாக எழுதியிருப்பார்கள். இதனை நம் ஊர்க் கடையை வைத்து விளங்கிக்கொள்ளலாம்.

கடலுக்குப் போகிறவர்கள் டீசல், ஐஸ், தேயிலை, சீனி என்று கடனாக வாங்குவார்கள். கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொப்பியில் எழுதுவார். கரைக்கு வந்து மீன் விற்றதும் கொடுத்த காசைக் கழிப்பார். அந்தக் கொப்பி கிழியத் தொடங்கிவிட்டது. நூறு பக்கங்களையும் புதுக் கொப்பிக்கு மாற்றவேண்டும். கடையைப் பூட்டமுடியாது. கடைக்காரரின் மகள் பக்கத்தில் இருந்து பிரதி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

அவள் முதலில் நூறு பக்கத்தையும் எழுதி முடிக்கிறாள். அதற்குள் வாப்பா பன்னிரண்டு பக்கங்களில் புதிதாக எழுதிவிட்டார். எந்தெந்தப் பக்கம் என்று ஒரு துண்டுத் தாளில் அவள் குறித்து வைத்திருக்கிறாள். இரண்டாம் சுற்றில் அந்தப் பன்னிரண்டை மட்டும் திருத்துகிறாள். அதற்குள் இரண்டு பக்கம் மாறியிருக்கும். மூன்றாம் சுற்றில் அந்த இரண்டு. கடைசியில் ஒரு வரி மாத்திரம் மிச்சம். "வாப்பா, ஒரு நிமிசம் பொறுங்க" என்று சொல்லி, அந்த ஒரு வரியை எழுதி, பேனையைப் புதுக் கொப்பியில் வைத்து நீட்டுகிறாள். கடையில் நின்றவர்களுக்குக் கொப்பி மாறியதே தெரியாது.

கணினியும் இதையே செய்கிறது. தட்டு பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பிரதியெடுக்கும்போது மாறிய துண்டுகளின் பட்டியல் ஒன்று பேணப்படுகிறது. சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறைகிறது. கடைசியில் பொறி ஒரு கணம் நிறுத்தப்பட்டு, புதிய தட்டுக்குத் திருப்பப்படுகிறது. இன்னொரு முறையும் உண்டு: பிரதி செய்து முடிந்த பகுதியில் ஏதாவது எழுதப்பட்டால், பழையதிலும் புதியதிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. வாப்பாவே இரண்டு கொப்பியிலும் எழுதுவது போல. இதற்குக் கண்ணாடிப் பிரதி முறை என்று பெயர் சொல்லலாம்.

ஓடும் பொறியைச் சேவையகம் விட்டுச் சேவையகம் மாற்றும் வசதியை விஎம்வெயார் நிறுவனம் 2003இல் விமோஷன் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. 2005இல் கேம்பிரிட்ஜ், கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டுச் சேவையகம் ஒன்றை விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். நிறுத்தம் 60 மில்லிசெக்கன் அளவுதான். நாம் கண் சிமிட்டும் நேரம் இதைவிடக் கூடுதல். தட்டுக் கோப்பை ஓட்டத்திலேயே தேக்ககம் விட்டுத் தேக்ககம் மாற்றும் வசதி 2007இல் விஎம்வெயாரில் வந்தது.

பெருக்கல் விருத்தியில் ஒரு கணக்கு

கணிதம் படிக்கும் தோழியருக்கு இதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. 5,623 ஜிகாபைட் தரவை மாற்றவேண்டும் என்று கொள்வோம். இந்த எண்ணை ஏன் எடுத்தேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வலையமைப்பின் வேகம் செக்கனுக்கு 1 ஜிகாபிட் என்றால், அது செக்கனுக்கு 125 மெகாபைட். முதலாம் சுற்றுக்கு ஏறக்குறைய 45,000 செக்கன், அதாவது பன்னிரண்டரை மணித்தியாலம் செல்லும். இதற்கிடையில் செக்கனுக்கு 5 மெகாபைட் வீதம் தரவு மாறுகிறது என்றால், பொதுவிகிதம் 5/125, அதாவது 1/25.

இரண்டாம் சுற்றில் 225 ஜிகாபைட். அதற்கு 30 நிமிடம். மூன்றாம் சுற்றில் 9 ஜிகாபைட், 72 செக்கன். நான்காம் சுற்றில் 360 மெகாபைட்; 3 செக்கனுக்கும் சற்றுக் குறைவு. ஐந்தாம் சுற்றில் 14 மெகாபைட். செக்கனில் பத்திலொரு பங்கு. பொறியை நிறுத்தவேண்டியது அந்த ஐந்தாம் சுற்றில் மட்டுமே. மொத்த நேரத்தைப் பெருக்கல் விருத்திச் சூத்திரத்தில் போட்டால் 13 மணித்தியாலம் வரும். பன்னிரண்டரை மணித்தியால வேலைக்கு அரை மணித்தியாலம் கூடுதலாகக் கொடுத்து, சேவையைப் பத்திலொரு செக்கன் மட்டும் நிறுத்துகிறோம்.

பொதுவிகிதம் 1 அல்லது அதற்கு மேல் போனால் விருத்தி ஒருங்காது. பிரதி செய்யும் வேகத்தைவிட மாறும் வேகம் கூடினால், மகள் எத்தனை சுற்று எழுதினாலும் கொப்பி முடியாது. ஆகவேதான் இத்தகைய வேலைகளை மக்கள் பயன்பாடு குறைந்த நள்ளிரவிலோ விடுமுறை நாளிலோ வைத்துக்கொள்கிறார்கள்.

கைரேகை ஒத்துப்பார்த்தல்

பிரதி செய்து முடிந்தது; இரண்டும் ஒன்றுதானா என்று எப்படி அறிவது? 5,623 ஜிகாபைட்டைக் கண்ணால் ஒப்பிட முடியாது. இதற்கு ஹேஷ் என்ற கணிப்பு உதவுகிறது. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் எஸ்எச்ஏ-256 என்ற முறை அதற்கு 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் வேறாகிவிடும்.

இதனைக் கல்லூரிக் கணினி அறையில் செய்து பார்த்தேன். வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளில் லினக்ஸ் பொறி ஒன்றை அமைத்தேன். அதற்கு 20 ஜிகாபைட் தட்டு ஒதுக்கினாலும், பயன்படுத்திய அளவுக்கே கோப்பு வளரும் என்பதால் அது 6 ஜிகாபைட் அளவிலேயே இருந்தது. பொறியை முறையாக நிறுத்திவிட்டு, கோப்பை வெளி வன்தட்டுக்குப் பிரதி செய்தேன். நான்கு நிமிடம் அளவில் முடிந்தது. விண்டோஸில் உள்ள கட்டளை ஒன்றினால் இரண்டின் கைரேகையையும் எடுத்தேன். 64 எழுத்துகளும் ஒத்திருந்தன.

பிறகு புதிய பிரதியிலிருந்து பொறியை ஒருமுறை இயக்கி, எதுவும் எழுதாமலே நிறுத்தி, மீண்டும் கைரேகை எடுத்தேன். முற்றிலும் வேறாக வந்தது. பொறி எழும்பும்போதே நேரம், பதிவேடு என்று பலவற்றைத் தன் தட்டில் எழுதுவதே காரணம். ஆகவே கைரேகை ஒத்துப்பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் ஓடாத நிலையில் பார்க்கவேண்டும். ஓடும்போதே மாற்றினால் மென்பொருளே துண்டு துண்டாகச் சரிபார்க்க வேண்டும்; அதன்பின் மனிதர்கள் உள்ளே போய், தரவுத்தளம் திறக்கிறதா, பழைய பதிவு ஒன்று வருகிறதா, புதுப் பதிவு ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும்.

இந்தப் பரிசோதனையில் இன்னொன்றும் விளங்கியது. கோப்பு 6 ஜிகாபைட்தானே என்று 8 ஜிகாபைட் இடமுள்ள தேக்ககத்துக்கு மாற்றினால், நாளை அது 20 வரை வளரும்போது இடம் முடிந்து பொறி நின்றுவிடும். இன்று இருக்கும் அளவையும் வளரக்கூடிய அளவையும் சேர்த்துப் பார்த்தே புதிய இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

படிமுறை

மேலே சொன்னவற்றை ஒழுங்காக்கினால், தேக்ககப் பராமரிப்பின்போது பொறிகளை மாற்றும் முறை பின்வருமாறு அமையும்.

1. எந்தெந்தப் பொறிகள் எங்கே இருக்கின்றன என்று பட்டியலிடல்.
2. புதிய தேக்ககத்தில் வளர்ச்சிக்கும் சேர்த்துப் போதிய இடம் உண்டா எனப் பார்த்தல்.
3. மாற்றத் தொடங்குமுன், இரண்டு தேக்ககங்களுக்கும் வெளியே தனியான காப்புப் பிரதி எடுத்து, அது திறக்கிறதா எனச் சோதித்தல்.
4. முக்கியத்துவம் குறைந்த பொறி ஒன்றை முதலில் மாற்றிப் பார்த்தல்.
5. ஏனையவற்றைச் சிறு தொகுதிகளாக மாற்றல்.
6. ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்தல்.
7. சில நாட்கள் பழையதை அழிக்காமல் வைத்திருத்தல்.
8. இன்னொருவரும் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே பழையதை அழித்தல்.

இந்த எட்டில் ஏழு படிகளில் தவறு நடந்தால் திரும்பிப் போகலாம். எட்டாவதிலிருந்து திரும்ப முடியாது. இடம் மாற்றுதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள்: பிரதி செய்தல், சரிபார்த்தல், அழித்தல். முதலாவது இயந்திரத்தின் வேலை. இரண்டாவதும் மூன்றாவதும் மனிதரின் பொறுப்பு.

நம் நாட்டில் நடந்தவை

இலங்கை அரச நிறுவனங்களுக்கென்று லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற முகிற் கணிமைச் சேவை இருக்கிறது. பல திணைக்களங்களின் முறைமைகள் அதில் மெய்நிகர் பொறிகளாகவே இயங்குகின்றன. தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அதனை அமைத்து நடத்தியது.

2021 யூலையில், இந்த முகிலில் வைக்கப்பட்டிருந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபோயின. செய்திகளில் வந்த அளவு 5,623 ஜிகாபைட். மேலே கணக்கில் நான் எடுத்த எண் இதுதான். நாட்டுக்குள் வரும் மருந்துகளின் பதிவு தொடர்பான தரவுகள் அவை. நாம் மருந்துக் கடையில் வாங்கும் ஒரு மாத்திரை பதிவு செய்யப்பட்டதா என்பதைச் சொல்லும் இடம் அந்த அதிகாரசபை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, விடயம் நீதிமன்றத்துக்கும் சென்றது. யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. மாணவராகிய நாம் எடுக்கவேண்டிய பாடம் கணக்கில் இருக்கிறது: பிரதி செய்யப் பன்னிரண்டரை மணித்தியாலம் செல்லும் தரவை, அழிக்கச் சில நிமிடங்கள் போதும்.

2023 ஓகஸ்ட் 26இல் அதே முகில் ரன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. தரவைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீநிரல் அது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். முறைமை விரைவில் மீண்டும் இயங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காப்புப் பிரதி இல்லாமல் இருக்கவில்லை. அது முறைமையோடு இணைந்தே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. வெளியே பிரித்து வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் வேலை பணத் தட்டுப்பாட்டால் தள்ளிப்போனதென முகவர் நிலையத்தினர் கூறினர்.

பராமரிப்பைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. கண்ணாடிப் பிரதிக்கும் காப்புப் பிரதிக்கும் உள்ள வேறுபாட்டையும் இது காட்டுகிறது. கண்ணாடி நம் முகத்தில் காயம் வந்தால் காயத்தையே காட்டும். பழைய முகத்தைக் காட்டுவது நேற்று எடுத்த புகைப்படம்.

வளர்ந்த நாடுகளிலும்

இவை வறிய நாடுகளுக்கு மட்டும் நேர்பவை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், மீகணினியின் தேக்ககத்தைக் காப்பெடுக்கும் நிரலைத் திருத்தினார்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய நிரல் அதன்மேல் எழுதப்பட்டது. பழைய பதிவேடுகளை அழிக்கவேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. 77 டெராபைட், 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. கணினியை வழங்கிய ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. காப்பாற்றுவதற்காக எழுதிய நிரலே அழித்தது என்பதுதான் இதில் வேதனை.

தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26 அன்று தீப்பிடித்தது. அதுவும் பராமரிப்பு வேலையின்போதுதான்: சேவையக அறையிலிருந்த லித்தியம் மின்கலங்களை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 600க்கும் மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. பெரும்பாலானவை பின்னர் மீண்டன. ஆனால் அரச ஊழியர்கள் தங்கள் ஆவணங்களைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற தேக்ககம் மீளவில்லை. அதன் 858 டெராபைட்டுக்கும் வெளியிடத்தில் பிரதி இருக்கவில்லை. அளவு மிகப் பெரிது என்பதே பிரதி எடுக்காததற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கடதாசிக் காலத்து அறிவு

கணினித்துறையில் மூன்று, இரண்டு, ஒன்று என்றொரு விதி உண்டு. மூன்று பிரதிகள்; இரண்டு வகையான ஊடகங்கள்; ஒரு பிரதியாவது வேறிடத்தில். இது புதிய அறிவு என்று நாம் நினைக்கலாம். ஆனால் நம் வீட்டு அலுமாரியில் உள்ள காணி உறுதியைப் பாருங்கள். இலங்கைச் சட்டப்படி நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது மூலத்தைக் காணிக்காரரிடம் கொடுக்கிறார்; இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார்; மூன்றாவதைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். மூன்று பிரதி, மூன்று இடம். கணினி வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே இருந்த ஏற்பாடு இது.

இதன் அருமை கற்பிட்டி மக்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் எமது கரையில்தான் வந்து இறங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எம்மோடு படிக்கிறார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்களிடம் உறுதி ஏது, பிறப்புச் சான்றிதழ் ஏது? பின்னாளில் உரிமையை நிறுவ வேண்டி வந்தபோது, எங்கோ ஒரு பதிவகத்தில் இன்னொரு பிரதி இருந்தவருக்கு ஒரு வழி இருந்தது. வீட்டில் இருந்த ஒன்றே ஒன்றுதான் என்றவருக்கு வழி அடைபட்டது. ஆறஅமரத் திட்டமிட்டுச் செய்யும் இடமாற்றம் ஒன்று. சொல்லாமல் கொள்ளாமல் தலையில் விழும் இடமாற்றம் இன்னொன்று. இரண்டாவது வரும் நாளில் நம்மைக் காப்பது, அதற்கு முன்னரே வேறிடத்தில் வைத்த பிரதி மட்டுமே.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

தேக்கக முறைமை நம் வீட்டில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கைத்தொலைபேசியும் ஒரு தேக்ககம். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோ நானாவோ அனுப்பிய குரல் பதிவுகள், மறைந்த மூத்தம்மாவின் படம், வங்கிச் சீட்டுகள், பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கும் நாளில் நாம் செய்வதும் தேக்கக இடமாற்றமே. பெற்றோரும் மாணவியரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

பழைய போனைக் கடையில் கொடுக்குமுன், புதிய போனில் படங்களையும் குரல் பதிவுகளையும் திறந்து பாருங்கள். எண்ணிக்கை காட்டுவது போதாது. முதலாவதையும் நடுவிலொன்றையும் கடைசியையும் திறந்தே பார்க்கவேண்டும். ஒரு கிழமையாவது பழையதை அழிக்காமல் வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உறுதி, பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒன்று வையுங்கள். நமது வீடு கடலோரத்தில் இருக்கிறது. வெள்ளமும் காற்றும் நமக்குப் புதியவையல்ல.

கூகிள் ஃபொட்டோஸ் போன்றவற்றில் தானாக ஏறும் படங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அங்கும் இங்கும் இணைந்திருப்பதால், போனில் அழித்தால் அங்கும் அழியக்கூடும். அது கண்ணாடி, புகைப்படமும் ஒன்று வேண்டும்.

முடிவுரை

தரவு நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் காக்கும் கோப்புகளில் ஒன்றுகூட அவருடையதல்ல. யாரோ ஒரு தாயின் சிகிச்சைப் பதிவு, யாரோ ஒரு மாணவியின் பெறுபேறு, யாரோ ஒரு மீனவரின் கணக்கு. நம் வழக்கில் இதற்கு அமானிதம் என்று ஓர் அழகிய சொல் இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றலாம். ஆனால் அது புதிய இடத்தில் முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று உறுதியாகும்வரை பழைய இடத்தின் சாவியை எறியக்கூடாது.

இத்துறையில் நாளை எம் கல்லூரி மாணவியரும் பணிபுரிவார்கள். வேகமாகப் பிரதி செய்யும் மென்பொருள்கள் அவர்கள் கையில் இருக்கும். அழிக்கும் பொத்தானில் விரல் வைக்குமுன் இன்னொருமுறை திறந்து பார்க்கும் பொறுமையை அவர்கள் இப்போதிருந்தே பழகிக்கொள்ளட்டும்.